உப்புக் கரை வரலாறு – 23: கூண்டிலிருந்து ஓடுபாதைக்கு

மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரை புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. கடலூரில் மூன்றாம் எண், புதுச்சேரியில் ஐந்தாம் எண் என்று வானொலியில் சொன்னதும் கட்டுமரமும் படகும் மேட்டுக்கு ஏறும். அளத்தில் வாரிக் குவித்த உப்பின்மேல் கீற்றோ தார்ப்பாயோ ஏறும். அந்த எண்கள் யாருக்காக உண்டானவை என்று கேட்டால் மட்டும் பதில் வராது. நம் மீனவருக்காகவோ உப்பளக் கூலிக்காகவோ அவற்றை யாரும் வகுக்கவில்லை. சரக்குக் கப்பலின் தலைவனுக்காக வகுத்தார்கள். பிறகு அதே ஏற்பாடு விமானிக்காக இன்னொரு வடிவம் எடுத்தது. நம் கரைக்கு வடக்கே மீனம்பாக்கத்திலும் தெற்கே லாஸ்பேட்டையிலும் ஓடுபாதைகள் வந்த பிறகு, காற்றைப் பற்றிய செய்தி எப்படி மாறியது, யார் அதைக் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பதுதான் இந்தப் பகுதி.

1864-ஆம் ஆண்டு வங்கக் கடலுக்குக் கொடிய ஆண்டு. அக்டோபரில் கல்கத்தாவைப் புயல் தாக்கியது. நவம்பர் தொடக்கத்தில் மசூலிப்பட்டினத்தைக் கடல் விழுங்கியது. உயிர்ச்சேதம் பல்லாயிரம். கல்கத்தா வணிகர்களின் கப்பல்களும் சேர்ந்து போனதால் அரசு விரைந்தது. மறு ஆண்டே, 1865-இல், கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. சென்னைக்கு அப்போது அலை தடுக்கும் துறைமுகச் சுவர்கூட இல்லை. திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்ற கப்பல்கள் 1872 மே மாதப் புயலில் கரையில் மோதி உடைந்தன. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் பிறந்தது. முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. துறைமுகங்கள் அனைத்துக்கும் ஒரே சீரான குறி முறை வர 1898 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த முறையில் மொத்தம் பதினொரு எண்கள். பகலில் கூம்புகளும் உருளைகளும் கம்பத்தில் ஏறும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள ஆபத்துக்கு. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்பதற்கு. ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்றுதான் விசித்திரமானது. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். செய்தி வரவில்லை என்பதையே உச்ச எச்சரிக்கையாக வைத்த அந்த ஏற்பாட்டாளர் யாரோ, கடலை நன்கு அறிந்தவர்.

கூண்டுக்குப் பின்னால் வேலை செய்த கண் நுங்கம்பாக்கத்தில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் அங்கே கட்டி முடித்த வானாய்வகத்தில் 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. வெப்பமானி எவ்வளவு காட்டுகிறது, பாதரசம் எவ்வளவு ஏறியிருக்கிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒருவர் மாற்றி ஒருவர் இரண்டு நூற்றாண்டுகளாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். வானாய்வகத்தின் கருங்கல் தூண் தமிழ்க் கல்வெட்டோடு இன்றும் அந்த வளாகத்தில் நிற்கிறது. சென்னை மண்டல வானிலை மையம் 1945 ஏப்ரல் 1 முதல் இயங்குவதும் அங்கேதான்.

கப்பல்காரனுக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரிந்தால் போதும். புறப்படலாமா, துறையை விட்டு நடுக்கடலுக்குப் போய்விடலாமா என்று யோசிக்க அவனுக்கு ஒரு பகல் பொழுது இருக்கும். விமானிக்கு அந்த வசதி கிடையாது. இறங்கப் போகும் இடத்தில் இந்த நிமிடம் காற்று எந்தப் பக்கம், தரை காய்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தேவை. முன்னறிவிப்பில் வளர்ந்த துறை, இதற்காக உள்ளது உள்ளபடி சொல்லும் இன்னொரு கலையைக் கற்க வேண்டியதாயிற்று.

அந்தக் கலை வருவதற்கு முன்பே விமானம் வந்துவிட்டது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டைகளோடு பறந்து வந்தார். அங்கிருந்து அந்த மூட்டைகளைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானம். அதில் வானொலிக் கருவி கிடையாது. தரையில் வழிகாட்டும் கருவியும் கிடையாது. பம்பாயில் ஜுகு என்ற கடலோர மண்தரைதான் விமான நிலையம். பருவமழை தொடங்கினால் அது சேறாகிவிடும். அந்த மாதங்களில் சேவையைப் பூனாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஓடுபாதையின் நிலவரம் விமானிக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அந்தச் சேறே சொல்லிக்கொடுத்தது. 1938-இல் இந்தத் தபால் வழி சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டபோது, கோரமண்டல் கரையின் வடகிழக்குப் பருவமழையும் விமானிகளின் கணக்கில் சேர்ந்துகொண்டது.

மேல்காற்றை அறிய அன்று இருந்த வழி பலூன். ஹைட்ரஜன் நிரப்பிய சிறு பலூனைப் பறக்கவிட்டு, தியோடலைட் வழியாக நிமிடத்துக்கு ஒருமுறை அதன் கோணத்தைக் குறிப்பார்கள். பலூன் ஏறும் வேகம் முன்கூட்டியே தெரியும் என்பதால், அது விலகிப் போன திசையும் தூரமும் ஒவ்வொரு உயரத்திலும் காற்றின் வேகத்தைச் சொல்லிவிடும். இரவில் பலூனின் அடியில் சிறு விளக்கைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பலூன் மேகத்தில் மறைந்தால் மேகத்தின் உயரமும் தெரிந்துவிடும். மலிவான, நேர்மையான கருவி. இன்றும் அது வழக்கொழியவில்லை.

இனி ஓடுபாதை. அதன் முனையில் பெரிதாக வெள்ளை வண்ணத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பலர் வரிசை எண் என்றே நினைக்கிறார்கள். அது திசை. காந்த வடக்கிலிருந்து அளந்த பாகையை அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கி, கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டால் கிடைப்பது. சென்னையின் முதன்மை ஓடுபாதை ஒரு முனையில் 07, மறுமுனையில் 25. அதாவது ஏறக்குறைய 70 பாகை, 250 பாகை. புதுச்சேரி லாஸ்பேட்டையிலும் அதே 07, 25. இந்த ஒற்றுமை தற்செயலன்று. நம் கரையில் ஆண்டின் ஒரு பாதிக்கு வடகிழக்கிலிருந்தும் மறு பாதிக்குத் தென்மேற்கிலிருந்தும் காற்று அடிக்கிறது. விமானம் காற்றை எதிர்கொண்டுதான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். எதிர்காற்று இருந்தால் குறைந்த தூரத்தில் நின்றுவிடும்; பின்காற்று இருந்தால் ஓடுபாதை போதாமல் போகும். எனவே ஐப்பசி, கார்த்திகையில் 07. ஆனி, ஆடியில் பெரும்பாலும் 25. சித்திரை, வைகாசியில் ஒரே நாளில் இரண்டும் உண்டு. காலையில் தரைக்காற்று, பிற்பகலில் கடற்காற்று ஏறியதும் விமானங்கள் இறங்கும் முனை மாறும். அந்தக் கடற்காற்று எப்போது ஏறும் என்பதை உப்பளத்தில் நிற்பவர் தோலாலேயே அறிவார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் கருவியைப் பார்த்து அறிகிறார்.

அறிந்ததை எப்படிச் சொல்வது? 1968 முதல் உலகம் முழுவதும் ஒரே வடிவம் நடைமுறையில் இருக்கிறது. மெட்டார் என்பார்கள். பெரிய விமான நிலையங்களில் அரை மணிக்கு ஒருமுறை வெளியாகும் ஒற்றை வரி. மழைக்கால நாளொன்றில் சென்னையிலிருந்து அது இப்படி வரலாம்: வி ஓ எம் எம், 150900 இசட், 06018 கேடி, 2500, ஆர்ஏ, பிகேஎன் 010, 25/24, க்யூ 1004.

முதல் நான்கு எழுத்துகள் சென்னை விமான நிலையத்தைக் குறிப்பவை. தென்னிந்திய நிலையங்கள் எல்லாம் வி, ஓ என்றுதான் தொடங்கும்; புதுச்சேரி வி ஓ பி சி. அடுத்தது 15-ஆம் தேதி, உலக நேரம் 9 மணி, நமக்குப் பிற்பகல் இரண்டரை. காற்று 60 பாகையிலிருந்து, 18 நாட் வேகம். மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர். போகும் பக்கத்தை விட்டுவிட்டு வரும் பக்கத்தைச் சொல்லும் இந்த வழக்கம், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயரிட்ட நம் பரதவருக்குப் புதிதல்ல. 2,500 மீட்டர் வரை கண்ணுக்குத் தெரிகிறது. மழை. ஆயிரம் அடியில் மேகம். வானத்தை எட்டுப் பங்காக்கினால் ஐந்து முதல் ஏழு பங்கு வரை மூடியிருக்கிறது. வெப்பம் 25 பாகை, பனிநிலை 24. இரண்டும் இவ்வளவு நெருங்கினால் காற்றில் ஈரம் நிரம்பிவிட்டது என்று பொருள்.

கடைசி எண்தான் உயிர்நிலை. 1004 என்பது கடல்மட்ட அளவில் காற்றழுத்தம், ஹெக்டோபாஸ்கலில். விமானத்தின் உயரமானி உண்மையில் ஓர் அழுத்தமானி. வெளியே அழுத்தம் குறையக் குறைய அது உயரம் கூடுவதாகக் காட்டும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 28 அடி. வழக்கமான 1013-க்கு வைத்த உயரமானியோடு, அழுத்தம் 993-க்கு இறங்கிவிட்ட புயல் நாளில் ஒருவர் வந்தால், கருவி காட்டுவதைவிடச் சுமார் 550 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பார். மேகத்துக்குள் அவருக்கு அது தெரியாது. அதனால்தான் இறங்கும் ஒவ்வொரு விமானிக்கும் இந்த எண் சொல்லப்படுகிறது, அவரும் திருப்பிச் சொல்கிறார். க்யூ என்ற எழுத்து கம்பியில்லாத் தந்தி இயக்குநர்களின் பழைய சுருக்கக் குறிகளிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. தந்தி போய்விட்டது, க்யூ போகவில்லை.

வானிலைச் செய்தியோடு இன்னொன்றும் போகும். நோட்டாம் என்ற அறிவிப்பு. ஓடுபாதையில் பழுது பார்க்கிறார்கள், விளக்கு எரியவில்லை, இத்தனை மணிவரை மூடியிருக்கிறது என்பன போன்ற தகவல்கள் அதில் வரும். இரண்டையும் படிக்காமல் விமானி இருக்கையில் உட்காரக் கூடாது.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தும் உயிர்கள் போயிருக்கின்றன. இந்தக் கரையோடு நேரடியாகத் தொடர்புடைய ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது.

1973 மே 31. சென்னையிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் 440, போயிங் 737. அதில் இருந்தவர்களில் ஒருவர் மத்திய எஃகு, சுரங்க அமைச்சர் மோகன் குமாரமங்கலம். 1971 தேர்தலில் புதுச்சேரித் தொகுதியில் வென்றவர். நம் வானூரின் எல்லைக்கு அப்பால் கிடக்கும் ஊர்களின் நாடாளுமன்ற உறுப்பினர். இன்னொருவர் கோவை உறுப்பினர், கம்யூனிஸ்ட் தலைவர் கே. பாலதண்டாயுதம். அன்றிரவு தில்லி பாலம் விமான நிலையத்தில் புழுதியும் மழையும் கலந்து பார்வைத் தூரம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒவ்வொரு ஓடுபாதைக்கும் ஒரு தாழ்வெல்லை உண்டு. அந்த உயரத்துக்கு இறங்கியும் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். அந்த எல்லைக்குக் கீழே விமானம் இறங்கிற்று; உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதித் தீப்பற்றியது. இருந்த 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். அமைச்சரும் பாலதண்டாயுதமும் அவர்களில் அடக்கம்.

அரசியல் வரலாறு எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள்: இரு தொகுதிகளிலும் 1974-இல் இடைத்தேர்தல், புதுச்சேரியில் அண்ணா தி.மு.க.வின் பாலா பழனூர், கோவையில் பார்வதி கிருஷ்ணன். இந்தப் பார்வதி கிருஷ்ணன் இறந்துபோன குமாரமங்கலத்தின் சகோதரி; ஒரே விபத்து காலியாக்கிய இரண்டு இடங்களில் ஒன்றுக்கு அவர் போய்ச் சேர்ந்தார். என் பார்வையில் அந்த இரவில் கவனிக்க வேண்டியது வேறு. தில்லியின் மோசமான வானிலை யாருக்கும் மறைக்கப்படவில்லை. எச்சரிக்கை இருந்தது, விதி இருந்தது. விதி மீறப்பட்டது. கூண்டு ஏறிய பிறகும் கடலுக்குப் போனது போலத்தான்.

அரை நூற்றாண்டு கழித்தும் பாடம் முழுதாகப் படியவில்லை என்பதற்குக் கோழிக்கோடு சாட்சி. 2020 ஆகஸ்ட் 7, துபாயிலிருந்து வந்த விமானம், மழை, மேட்டுநில ஓடுபாதை. முதல் முயற்சியைக் கைவிட்டு மறுமுனையில், பின்காற்றோடு இறங்கினார்கள். ஓடுபாதையின் ஏறக்குறைய பாதியைக் கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. 21 பேர் இறந்தார்கள், இரு விமானிகளும் உட்பட. காற்றின் திசையும் வேகமும் கோபுரத்திலிருந்து சொல்லப்பட்டுத்தான் இருந்தன.

கருவிகள் இதற்கிடையே வெகுவாக முன்னேறிவிட்டன. அதில் ஒரு பெயரை விட்டுவிடக் கூடாது. பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அன்னா மணி, 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி, காற்றுமானி, அழுத்தமானி எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த காலம் அது. ஏறக்குறைய நூறு கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, இங்கேயே செய்ய வைத்தார். தவறான அளவு, அளவே இல்லாததைவிட மோசம் என்பது அவருடைய கொள்கை. சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் 1973-இல் புயல் கண்டறியும் ராடார் வந்தது. 2002-இல் அதனிடத்தில் டாப்ளர் ராடார். வானிலைக்காரர் சொல்வது பொய் என்று டீக்கடையில் கிண்டல் செய்யும் தலைமுறை அதன்பிறகு மெல்லக் குறைந்தது.

பார்வைத் தூரத்தை அளப்பதிலும் பெரிய மாற்றம். ஒருகாலத்தில் ஓர் ஆள் ஓடுபாதையோரம் நின்று எத்தனை விளக்கு தெரிகிறது என்று எண்ணிச் சொல்வார். இப்போது ஒரு முனையிலிருந்து ஒளியை அனுப்பி, மறுமுனைக்கு அதில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கும் கருவி அந்த வேலையைச் செய்கிறது. பெங்களூர் தேசிய வான்வெளி ஆய்வுக்கூடம் உருவாக்கிய கருவிக்குத் திருஷ்டி என்று பெயர். சென்னையில் உள்ளது போன்ற முதல்நிலைத் தரையிறக்கக் கருவி மட்டும் இருக்கும் ஓடுபாதையில் இறங்க, பொதுவாக 550 மீட்டராவது தெரிய வேண்டும். தில்லிக்குக் குளிர்காலம் முழுக்கப் பனிமூட்டம். அதற்கேற்ற உயர்நிலைக் கருவிகள் அங்கே உண்டு. சென்னைக்குப் பெரிய மூட்டம் ஆண்டில் சில காலைகளில்தான். அதில் ஒரு காலை இயற்கை தருவதல்ல, நாமே செய்துகொள்வது. 2018 போகி அன்று எரித்த டயர், பிளாஸ்டிக் புகை பனியோடு கலந்து மீனம்பாக்கத்தில் ஓடுபாதையையே மறைத்தது. விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன, பல தாமதமாயின.

தண்ணீர் மறைத்ததும் உண்டு. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு பெருகி ஓடுபாதைக்குள் புகுந்தது. சென்னையின் இரண்டாவது ஓடுபாதை அந்த ஆற்றின் மேலேயே பாலம் கட்டிப் போட்டது என்பதை ஆறு மறக்கவில்லை. பல நாட்கள் நிலையம் மூடிக் கிடந்தது. அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்கினார்கள்.

இந்த வரலாற்றில் நம் கரைக்கு மிக அருகில் வந்த நாள் 2024 நவம்பர் 30. ஃபெங்கல் புயல். சென்னை விமான நிலையம் நண்பகலுக்குப் பிறகு மூடப்பட்டு மறுநாள் அதிகாலை நான்கு மணிக்குத்தான் திறந்தது. மூடுவதற்கு முன் மும்பையிலிருந்து வந்த ஓர் இண்டிகோ விமானம் பக்கக்காற்றில் சாய்ந்தாடியபடி ஓடுபாதையை நெருங்கி, தரையை ஒட்டிவிட்டு மீண்டும் மேலே ஏறியது. அந்தக் காணொளியைப் பார்த்து ஊரே பதறியது. எனக்கோ அதைப் பார்த்து நிம்மதி. 1973-இல் தில்லியில் செய்யாமல் விட்டதை இந்த விமானி செய்தார். ஏறிவிட்டார், அவ்வளவுதான். இறங்காத விமானத்தைப் பற்றி யாரும் நினைவுச் சின்னம் எழுப்ப மாட்டார்கள். ஆனால் இத்தனை ஆண்டு மெட்டாரும் நோட்டாமும் ராடாரும் அந்த ஒரு முடிவுக்காகத்தான்.

அன்றிரவு புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மயிலத்திலும் புதுச்சேரியிலும் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. மரக்காணம் உப்பளங்கள் ஏரியாகின. லாஸ்பேட்டை ஓடுபாதையில் அன்று பயணிகள் விமானமே கிடையாது. சேவை அவ்வாண்டு முன்பகுதியிலேயே நின்றுபோயிருந்தது. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 20 அன்று, பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் ஏ.டி.ஆர். விமானங்கள் மறுபடி பறந்தன. ஓடுபாதை 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்கள் இறங்காது. நீட்டுவதென்றால் தமிழ்நாட்டுப் பக்கத்து நிலம் வேண்டும், அதாவது வானூர்ப் பக்கம். அந்தப் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. நிலம் போகும் ஊர்களின் கேள்விகளை இன்னொரு பகுதியில் விரிவாகப் பார்க்கலாம்.

சென்னை நிலையத்தின் மெட்டார் இன்று இரகசியமில்லை. கைபேசியில் அந்த நான்கெழுத்தைத் தேடினால் யாரும் படிக்கலாம். பங்குனி, சித்திரையில் அளத்தில் உப்பு வாருகிறவர்கள் காற்றின் திசையையும் அழுத்தத்தையும் அதில் பார்த்துப் பழகினால், கோடை மழைக்கு முன் குவியலை மூடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கலாம். மீனம்பாக்கத்தைச் சுற்றியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு போகிக்கும் விமான நிலைய ஆணையம் உங்களிடம் ஒன்றையே கேட்கிறது. இந்தத் தை பிறக்கும்போதாவது டயரைக் கொளுத்தாதீர்கள்.

(தொடரும்)